வைத்திலிங்கம் வீட்டுப் பகடை

இந்த அக்கிரமத்தைக் கேளுங்கள். ஆளாளுக்கு அவரவர் வீட்டிலிருந்து கணினியில் ஆடும் கதை ஆட்டம். ‘உருட்டு’ என்று கட்டளை தட்டினால், இருபது முகப் பகடை எல்லார் திரையிலும் உருளும்; பெரிய எண் விழுந்தவருக்கே வெற்றி. ஆட்டத்தை நடத்தும் வைத்திலிங்கம் மட்டும் தன் மேசையிலேயே உருட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் “இருபது!” என்பார். கதையில் அவர் ஆட்டுவிக்கும் பூதம், ஆடுபவர்களில் ஐந்து பேரைத் தின்று தீர்த்துவிட்டது. மிச்சம், புதிதாய்ச் சேர்ந்த செண்பகவல்லி ஒருத்திதான்.

“இருபத்தைந்து போட்டால் பூதம் சாகும்மா,” என்றார் நக்கலாக.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டளையைத் தட்டவேயில்லை. “வீட்டுலயே உருட்டிட்டேன் சார். இருபத்தஞ்சு.”

“இருபது முகப் பகடையில் இருபத்தைந்து ஏது?”

“உங்க வீட்டுப் பகடையில இருபதைத் தவிர வேற எண்ணே இல்லையே சார். நாங்க கேட்டோமா?”

செத்துப்போன ஐந்து பேரும், “திரையில உருட்டுங்க சார்!” என்று கத்தினார்கள்.

வைத்திலிங்கம் முதன்முறையாகக் கட்டளையைத் தட்டினார். விழுந்தது, ஒன்று.