பல்லி சொல்லாத நாள்

மேட்டுக்குளத்துத் தவளைகளில் தாண்டவனைப் போலத் தாவுகிறவன் யாரும் இல்லை. குளமே இதைச் சொல்லும். தாண்டவனிடம் கேட்டால் மட்டும், "என் கையில என்ன இருக்கு? எல்லாம் பல்லியக்கா வாய்ச்சொல்" என்பான்.

பல்லியக்கா குளக்கரையில் இருந்த இடிந்த மண்டபத்தில் குடியிருந்தாள். மண்டபத்துப் படிகள் நடுவில் பெயர்ந்துபோய் ஒரு பெரிய பள்ளம் விழுந்திருந்தது. தாண்டவன் தாவிப் பழகுவது அங்கேதான். ஆரம்பத்தில் தினமும் பள்ளத்துக்குள் விழுவான். முதுகில் சிராய்ப்போடு வீட்டுக்குப் போவான். ஒரு நாள் காலையில் அவன் கால்களை மடக்கிக் குந்தியபோது தூணிலிருந்து "ச்சு, ச்சு" என்று சத்தம் வந்தது. அன்றைக்குத் தாவினான். எதிர்ப்படியில் போய் உட்கார்ந்தான்.

"பல்லி சொல்லிருச்சு!" என்று கத்திக்கொண்டே குளத்துக்கு ஓடினான்.

அதற்குப் பிறகு பல்லி சொல்லாமல் அவன் தாவியதே இல்லை. குந்துவான், காத்திருப்பான், "ச்சு, ச்சு" வந்ததும் தாவுவான். ஒரு நாளும் விழவில்லை. அந்த நன்றிக்குத் தினமும் கொழுத்த கொசுவாகப் பார்த்துப் பிடித்து, இலையில் மடித்துப் பல்லியக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். எதற்குக் கொடுக்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. வீடு தேடிக் கொசு வரும்போது யார் கேள்வி கேட்பார்கள்?

"அந்தம்மாவுக்குப் பிடிக்கிறப்போ வீட்டுக்கும் ரெண்டு பிடிச்சா குறைஞ்சா போயிருவீங்க?" என்றாள் அவன் மனைவி ஆம்பல்.

தாண்டவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஆண்டு வெயில் கொளுத்தியது. மேட்டுக்குளம் வற்றியது, பக்கத்திலிருந்த பள்ளக்குளமும் வற்றியது. மிச்சம் இருந்த தண்ணீர் மருதமரத்தடி மடுவில்தான். இரண்டு குளத்தாருக்கும் அதில் இடம் போதாது. இப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வது என்பதற்கு அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மடுவுக்குப் பக்கத்தில் உள்ள வாய்க்காலைத் தாண்டிக் குதிக்க வேண்டும். குளத்துக்கு ஒரு தவளை, ஆளுக்கு மூன்று தாவல். யார் அதிக தூரம் போகிறானோ அவனுடைய குளத்தாருக்கு மடு. தோற்றவர்கள் மழை வரும்வரை சேற்றுக்குள் புதைந்து தூங்க வேண்டியதுதான்.

வளர்ந்த தவளைக்கு அது பெரிய கஷ்டமில்லை. ஆனால் ஆம்பலுக்கு அப்போதுதான் தலைப்பிரட்டைகள் பிறந்திருந்தன. கால்கூட முளைக்காத குஞ்சுகள். அவற்றால் சேற்றில் புதைந்து பிழைக்க முடியாது. தண்ணீர் இல்லையென்றால் அவையும் இல்லை.

பள்ளக்குளத்தின் சார்பில் மொக்கையன் வந்தான். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. அவர்கள் குளத்தில் அந்த ஆண்டு குஞ்சே இல்லை. மடுவில் மல்லாந்து மிதக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய ஆசை.

போட்டியன்று காலையில் தாண்டவன் நேராக மண்டபத்துக்குப் போனான்.

"அக்கா, நீங்க என்கூட வந்தே ஆகணும்."

"அவ்வளவு தூரம் நான் எதுக்குப்பா?"

"நீங்க இல்லாம எப்படிக்கா தாவுவேன்?"

பல்லியக்கா உருகிவிட்டாள். தாண்டவன் அவளை முதுகில் ஏற்றிக்கொண்டான். "மேல சேறு படாமப் போப்பா" என்று சொல்லிக்கொண்டே அவள் வழியெல்லாம் சவாரி வந்தாள். வாய்க்கால் கரையில் நிழலான கல் ஒன்றைப் பார்த்து, அதில் அவளை உட்கார வைத்தான். அவனுக்குப் பின்னால் ஆம்பல் வந்தாள். தாமரை இலையைக் கிண்ணமாக மடித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதில் குஞ்சுகளை ஏந்திக்கொண்டு நின்றாள்.

ஆமைதான் நடுவர். எதற்கும் அவசரப்படாதவர் என்பதால் அவரை விட்டால் வேறு ஆள் இல்லை.

மொக்கையன் முதலில் தாவினான். வாய்க்காலைத் தாண்டி, அக்கரையில் ஒரு கோரைப்புல் பக்கத்தில் விழுந்தான். பள்ளக்குளத்தார் ஆரவாரம் செய்தார்கள். உண்மையில் மண்டபத்துப் பள்ளம் அதைவிட அகலம். தாண்டவன் தினமும் காலையில் பசியாறுவதற்கு முன்பே தாண்டுகிற தூரம்தான் அது.

தாண்டவன் குந்தினான். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான்.

பல்லியக்கா வாயைத் திறக்கவில்லை.

தாண்டவன் செருமினான். அவள் புன்னகை செய்தாள். கண்ணால் சாடை காட்டினான். "கண்ணுல தூசியாப்பா?" என்று அன்பாகக் கேட்டாள்.

"தாவப் போறியா, இல்ல முட்டை போட உக்காந்திருக்கியா?" என்றார் ஆமை.

வேறு வழியில்லாமல் தாவினான். கால் தாவியது, மனம் கல்லருகிலேயே நின்றுவிட்டது. வற்றிய வாய்க்காலின் நடுவில் விழுந்து, சேறு பூசிக்கொண்டு கரையேறினான்.

இரண்டாவது முறை, சத்தம் வருகிறதா என்று திரும்பிப் பார்த்தபடியே தாவினான். அக்கரை மண்ணில் வயிறு மோதிச் சரிந்தான். மொக்கையன் விழுந்து விழுந்து சிரித்தான். "எனக்கு மத்த ரெண்டு தாவலும் வேணாம், முதல் தாவலே போதும்" என்று சொல்லிவிட்டு, அக்கரையில் கோரைப்புல்லுக்குப் பின்னால் நிழலில் போய்ச் சாய்ந்தான்.

"என்னங்க, இலையில தண்ணி ஒழுகுது" என்றாள் ஆம்பல்.

தாண்டவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கல்லருகே ஓடினான். "அக்கா, நான் என்ன தப்பு பண்ணேன்? இன்னிக்கு மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"என்னத்தப்பா சொல்லணும்?"

"தினமும் நான் குந்தினதும் 'ச்சு, ச்சு'ன்னு நல்ல சகுனம் சொல்வீங்களே!"

பல்லியக்கா திருதிருவென்று விழித்தாள். "சகுனமா? அட, நான் எங்கப்பா சகுனம் சொன்னேன்? ஐயோ பாவம், இந்தப் பிள்ளை இப்ப பள்ளத்துல விழுந்து முதுகை உடைச்சுக்கப் போகுதேன்னு உச்சுக் கொட்டினேன்."

தாண்டவன் கல்லுக்கு இன்னும் நெருங்கிப் போனான்.

"தினமுமா?"

"தினமும்தான். இன்னிக்காவது விழாம இருக்கணுமேன்னு பயம். வாயும் பழகிப்போச்சு."

"அப்போ இன்னிக்கு ஏன் கொட்டல?"

"இன்னிக்கு உன் முதுகுல உக்காந்து வந்தேனா, உன் பின்னங்காலைக் கிட்டத்துல பார்த்தேன். ரெண்டும் உருட்டுக்கட்டை மாதிரி இருக்கு. இவனுக்கா இத்தனை நாள் பாவம் பார்த்தோம்னு எனக்கே வெட்கமாப் போச்சு. இவன் ஜெயிச்சிருவான், நாம நிம்மதியா வேடிக்கை பார்க்கலாம்னு வாயை மூடிட்டு உக்காந்தேன். ஆமா, நீ ஏன் இப்படி விழுந்து விழுந்து எந்திரிக்கிற?"

தாண்டவன் தன் பின்னங்கால்களைத் திரும்பிப் பார்த்தான். இத்தனை நாளும் பள்ளத்தைத் தாண்டியது அந்தக் கால்கள்தான். அதுவும், ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஐயோ பாவம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தாண்டியிருக்கின்றன. அவனுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. சிரித்ததில் உடம்பின் இறுக்கம் விட்டுப்போனது.

"கடைசித் தாவல்" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார் ஆமை.

தாண்டவன் குந்தினான். இம்முறை கல்லைப் பார்க்கவில்லை. அக்கரையைப் பார்த்தான், மண்டபத்தில் எதிர்ப்படியைப் பார்ப்பது போலவே. மூச்சை இழுத்துவிட்டான். தாவினான்.

வாய்க்காலைத் தாண்டினான். கோரைப்புல்லையும் தாண்டி, நிழலில் சாய்ந்திருந்த மொக்கையனின் தலைக்கு மேலே பறந்து போய் விழுந்தான்.

மேட்டுக்குளத்தார் போட்ட சத்தத்தில் ஆமை அறிவித்த முடிவு யாருக்கும் கேட்கவில்லை. ஆம்பல் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. இலையோடு ஓடிப்போய்க் குஞ்சுகளை மடுவில் விட்டுவிட்டுத்தான் மூச்சுவிட்டாள். அவை வாலை ஆட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போவதைக் கண்குளிரப் பார்த்தாள். பிறகு தாண்டவனிடம் திரும்பி, "இனிமே கொசு வீட்டுக்குத்தானே?" என்றாள்.

மொக்கையன் மட்டும் யோசனையில் இருந்தான். அவன் கண்ணால் பார்த்தது இதுதான்: தாண்டவன் பல்லியிடம் போனான், என்னவோ பேசினான், வந்தான், ஜெயித்தான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

மழை பெய்து சேற்றிலிருந்து எழுந்து வந்ததும், மொக்கையன் முதல் வேலையாக மண்டபத்துக்குப் போனான். கையில் ஒரு பெரிய இலைப் பொட்டலம், நிறையக் கொசு. அதைப் பல்லியக்காவின் முன்னால் பணிவாக வைத்தான். பிறகு பள்ளத்தின் விளிம்பில் போய்க் குந்தினான்.

பல்லியக்கா அவனுடைய தொப்பையைப் பார்த்தாள். ஒரு நாளும் தாவிப் பழகாத காலைப் பார்த்தாள். பள்ளத்தின் ஆழத்தையும் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"ச்சு, ச்சு" என்றாள்.

"சொல்லிருச்சு!" என்று மொக்கையன் சந்தோஷமாகத் தாவினான்.

பள்ளத்துக்குள்ளிருந்து அவனைத் தூக்கிவிட நான்கு தவளைகள் வர வேண்டியிருந்தது.

தினமும் பழகிப் பலமேறிய தன் காலை நம்புகிறவனே போட்டியில் ஜெயிப்பான். பழகாதவனுக்கு எந்தப் பல்லி சொல்லியும் பயனில்லை.