அசைகல்லின் ஒற்றைச் சத்தம்

டொக்.

தண்ணீருக்கு அடியில் கல்லோடு கல் இடித்தது. மீனைப் பிளந்துகொண்டிருந்த சாத்தியின் கை அப்படியே நின்றது. வெளியே விடிந்தும் விடியாத பனிமூட்டம். ஏரி எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அடுத்த சத்தத்துக்காக அவள் காது கொடுத்தாள். அது வரவில்லை.

அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இரும்பு என்றால் என்னவென்று மனிதர் அறியாத காலம். மலைகள் சுற்றி நின்ற ஓர் ஏரியின் நடுவில், அடிச்சேற்றில் மரங்களை அறைந்து, கல்லும் புதரும் கொட்டி, மனிதர்களே உண்டாக்கிய தீவு அது. மேலே வட்டமாக ஒரே ஒரு பெரிய வீடு, சுற்றிலும் கூர்முனை மரவேலி. சேற்றில் நிற்பதால் தீவு மெல்லப் புதைந்துகொண்டே இருக்கும். அதனால் ஆண்டுக்கொரு புதுக் கம்பம் அறைவார்கள். அந்த ஆண்டில் தீவைக் காத்தவரின் பெயரை அதற்கு இடுவார்கள். இருப்பவரோ இறந்தவரோ, கம்பம் உளுத்துப்போகும் வரை பெயர் நிற்கும்.

கரையிலிருந்து வர ஒரே வழிதான். முழங்கால் தண்ணீருக்குள் மறைந்து, வளைந்து வளைந்து வரும் கல்பாதை. தெரியாதவன் தானாக வந்தால் ஆழத்தில் போய்விடுவான். பாதி வழியில் ஒரு கல்லை வேண்டுமென்றே ஆடும்படி வைத்திருந்தார்கள். மிதித்தால் சாய்ந்து ஒரு தரம் இடிக்கும். காலை எடுத்தால் நிமிர்ந்து மறு தரம் இடிக்கும். தீவுக்காரர்கள் அதைத் தாண்டிக் கால் வைப்பார்கள். சுமையோடு வருபவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு தட்டைக்கல் உண்டு. ஆகவே அசைகல் இடித்தால் வருவது அந்நியன். வாசலுக்கு முன்னால் உள்ள ஆழமான இடைவெளியில் கிடக்கும் பலகையை உடனே உள்ளே இழுத்துவிட வேண்டும். வெளியிலிருந்து எந்தக் குரல் கூப்பிட்டாலும் சரி, அதுதான் கட்டுப்பாடு.

இரவில் உள்ளே எடுத்துவைக்கும் பலகை அன்று வெளியே கிடந்ததற்குக் காரணம் சாத்திதான். அவள் மகன் குவிரன் கருவாடு கொடுத்து உப்பு வாங்கிவர மலைக்கு அப்பால் போயிருந்தான். வரவேண்டிய நாள் கடந்துவிட்டது.

"பலகையைப் பார்த்தா வரப்போகிறான், அண்ணி?" என்று கொழுந்தன் ஆதன் சற்று முன்புதான் கேலி பேசியிருந்தான். "உப்புக்காரனுக்கு ஒரு பெண் இருக்கிறாளே, அவளைக் கேட்டால் தெரியும்."

"எல்லாரும் உன்னைப் போலவா?" என்று அவளும் திருப்பிக் கொடுத்திருந்தாள்.

இப்போது பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா, நான்தான். பலகை கிடக்கட்டும்."

குவிரனின் குரல். காதருகே நின்று பேசுவது போலவும் இருந்தது, மண்ணுக்கு அடியிலிருந்து பேசுவது போலவும் இருந்தது.

ஆதனுக்கு மூச்சு வந்தது. "வந்துவிட்டான் பார். பனியில் கால் தவறி மிதித்திருப்பான்."

"ஆதா, கல் எத்தனை தரம் இடித்தது?"

"ஒரு தரம்."

"நடந்து வருகிறவன் காலை எடுக்க வேண்டாமா?"

சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போனவள், குனிந்து, பலகையை இரண்டு கையாலும் உள்ளே இழுத்துவிட்டாள்.

"அண்ணி, அது நம் பிள்ளை."

"தெரியும்," என்றாள் சாத்தி.

பலகை உரசிய சத்தம் பனிக்குள் எட்டியிருக்க வேண்டும். அங்கே யாரோ வேற்று மொழியில் அதட்டினார்கள். ஒரு முனகல். பிறகு தண்ணீர் அலைந்தது.

ஆதன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை வேலியில் முடிந்து, கட்டுப்பாட்டையெல்லாம் மீறி ஏரியில் குதித்தான். பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு, கையையும் காலையும் அடித்துக்கொண்டு போனான். அந்த ஆர்ப்பாட்டம் மலைகளில் மோதி ஒரு கூட்டமே வருவது போல எதிரொலித்தது. பல கால்கள் கரையை நோக்கி ஓடின.

அசைகல்லை ஆதன் தடவிக் கண்டுபிடித்தான். அதன்மேல் யாருமில்லை. ஆனால் கல் சாய்ந்தபடியே இருந்தது. நெம்பினான், நிமிரவில்லை. ஆள் ஏறி நிற்கும் கல்லை நெம்புவது போல இருந்தது. அதற்குமேல் அங்கே நிற்க அவனுக்குத் தைரியம் இல்லை. குவிரனின் உடலும் கடைசிவரை கிடைக்கவில்லை.

எதிரிக்குப் பாதை எப்படித் தெரிந்தது என்று தீவில் முணுமுணுப்பு எழுந்தது. கூட்டி வந்தவன் குவிரன்தானே என்று வாய்விட்டே சொன்னார்கள். அப்போதுதான் சாத்தி அந்த ஒற்றைச் சத்தத்தைச் சொன்னாள். வழி தெரியாதவன் மிதித்திருந்தால் கடந்து போயிருப்பான், கல் இரண்டு தரம் இடித்திருக்கும். குவிரன் அதன்மேல் ஏறி நின்றான். பின்னால் வந்தவர்களை நகரவிடாமல், வீட்டுக்குச் சொல்வதற்காக நின்றான்.

புதுக் கம்பம் வெட்டிக் கொண்டுவந்ததும் வழக்கு வந்தது. கழுத்தில் கத்தி இருக்கும்போதே எச்சரித்த குவிரனின் பெயரா? பலகையை இழுத்து வழியை அடைத்த சாத்தியின் பெயரா? தனியாளாகப் போய் எதிரியை ஓடவைத்த ஆதனின் பெயரா?

கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: இந்த மூவரில் தீவைக் காத்தவர் யார்?

விடை இது. ஆதன் போனது பிள்ளைக்காக. எதிரி மிரண்டது தற்செயல். குவிரன் வாயை எதிரிக்குக் கொடுத்து, காலால் உண்மையைச் சொன்னான். அது பெரிய காரியம்தான், ஆனால் எப்படியும் உயிர் போகும் என்று அவனுக்குத் தெரியும். கட்டுப்பாட்டுக்காகப் பலகையை இழுக்கிற எவரும் வருவது அந்நியன் என்று நம்பித்தான் இழுப்பார்கள். வருவது தன் மகன் என்று நிச்சயமாகத் தெரிந்து இழுத்தவள் சாத்தி ஒருத்திதான். குரலை நம்பினேன் என்று அவள் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆகவே காத்தவள் அவளே.

தீவுக்காரர்களும் அப்படித்தான் முடிவு செய்து அவளிடம் வந்தார்கள்.

"அவன் பெயரை வையுங்கள்," என்றாள். "கூட்டி வந்தவன் என்று நாளைக்கு எவனாவது சொல்வான். கம்பம் இருக்கிறவரைக்குமாவது சொல்லாமல் இருக்கட்டும்."

கம்பத்தை அறையத் தொடங்கினார்கள். அவள் கல்கத்தியைத் தண்ணீரில் அலசி, கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்து, செதிலைச் சுரண்ட ஆரம்பித்தாள்.