யாராலும் திருப்பி நெய்ய முடியாத அங்கவஸ்திரம்

மருதங்கோட்டை ராஜா குமாரசிம்மருக்கு உடம்பெல்லாம் எரிச்சல். காரணம், படைத்தலைவரான தளவாய் பூபதியின் தோள். ராஜா என்ன பூப்போட்ட அங்கவஸ்திரம் அணிந்தாலும், சில நாளில் அச்சு அசலாக அதேபோல் ஒன்று அந்தத் தோளிலும் ஏறிவிடும்.

அன்றும் ஏறியிருந்தது. ராஜா பொறுமை இழந்தார். "கூப்பிடு நெசவாளி சௌடையனை!"

சௌடையன் ஓட்டமும் நடையுமாக வந்தான்.

"என் பூவை ஊருக்கெல்லாம் விற்கிறாயா?"

"ஐயோ, இல்லீங்க மகாராஜா! என் தறியில இழைகளைத் தூக்கி இறக்க எட்டு விழுது. கால் கட்டைகளை எந்த வரிசையில மிதிக்கிறேனோ, அப்படிப் பூ விழும். அந்த வரிசை திரும்பத் திரும்ப வரும். துணியில இழையை எண்ணினா எந்த நெசவாளியும் கண்டுபிடிச்சிடுவான்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. யாராலும் திருப்பி நெய்ய முடியாத ஒன்று பௌர்ணமிக்குள் வேண்டும். இல்லையென்றால் உன் தறி சமையற்கட்டுக்கு விறகு!"

சௌடையன் ஓடியது சாரங்கனிடம். ராஜாவைக் கிண்டல் செய்துவிட்டு, அவர் கையாலேயே பரிசும் வாங்கிப் போகிற அரசவை விகடன் அவன்.

"ஒழுங்கில்லாமல் மிதித்துத் தொலையேன்!" என்றான் சாரங்கன்.

"முடியலையே சாமி! தப்பா மிதிக்கணும்னு நினைச்சாலும், பழகின காலு அந்தத் தப்பையே வரிசையா மிதிக்குது!"

சாரங்கன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்போது அரண்மனைப் பக்கம் ஒரு சத்தம். புறாக்கள் அலறியடித்துப் பறந்தன. ராஜா பாட்டுப் பயிற்சியில் இருந்தார். பாட்டு ஒரு பக்கம் போகும், தாளம் போடும் கை வேறு பக்கம் போகும்.

"கிடைத்துவிட்டதடா!" என்று துள்ளினான் சாரங்கன்.

மறுநாளே தறி சங்கீத மண்டபத்துக்கு வந்தது. "தாங்கள் பாடப் பாட நெய்தால் துணியில் சங்கீதமே இறங்கும்" என்றதும் ராஜா உருகிப் போனார். சௌடையனிடம் சாரங்கன் கிசுகிசுத்தான்: "ராஜா தொடையில் தட்டினால் முதல் கட்டை. கையைத் திருப்பினால் அடுத்தது. விரல் எண்ணினால் விரலுக்கு ஒன்று. காதில் பஞ்சை வைத்துக்கொள். கையை மட்டும் பார்!"

துணி வளர்ந்தது. கொடி ஓடியது, திடீரென்று படிக்கட்டானது, பாதியில் மீனாகி நழுவியது. விசித்திரம், ஆனால் கொள்ளை அழகு! பௌர்ணமியன்று ராஜா அதைப் போட்டுக்கொண்டு வர, சபையே வாய் பிளந்தது.

தளவாய் நெசவாளிகளைக் கூட்டம் கூட்டமாக உட்கார வைத்தார். இழை எண்ணி எண்ணிக் கண் சிவந்ததுதான் மிச்சம். கடைசியில் சபையில் சீறினார்.

"மகாராஜா, இது நெசவே இல்லை, கிறுக்கல்! நெசவென்றால் சௌடையனே இன்னொரு முறை நெய்து காட்டட்டும்!"

"அதற்கென்ன? அதே பாட்டைப் பாடுகிறேன், நெய்யட்டும்!" என்றார் ராஜா.

சௌடையன் தறியில் உட்கார்ந்தான். ராஜா பாடினார், தாளம் போட்டார், இவன் மிதித்தான். ஒரு சாண் நெய்ததும் பழையதோடு வைத்துப் பார்த்தார்கள். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை!

ராஜா முகம் சிவந்தது. "நான் அதே பாட்டைத்தானே பாடினேன்! இது யார் தப்பு?"

தன் கால் தப்பு என்றால் சௌடையனுக்குத் தறி போகும். ராஜாவின் தாளம் தப்பு என்றால் தலையே போகும்.

சாரங்கன் குனிந்து வணங்கினான். "தப்பே இல்லை மகாராஜா! யாராலும் திருப்பி நெய்ய முடியாதது வேண்டும் என்றீர்கள். தங்கள் தாளத்தைத் தங்களாலேயே இரண்டாம் முறை போட முடியவில்லை. தளவாய் எம்மாத்திரம்!"

ராஜா ஒரு கணம் திகைத்தார். பிறகு சிங்காசனமே குலுங்கச் சிரித்தார். முத்துமாலை சாரங்கன் கழுத்துக்குப் போனது, பொன்முடிப்பு சௌடையன் கைக்குப் போனது. ராஜா மட்டும் சிரிப்பை நிறுத்தவில்லை.

அந்தச் சிரிப்பிலும் தாளம் இல்லை.