அப்பளக் கம்பெனியின் மறதிக் கம்ப்யூட்டர்

மந்தாரைக்குளத்தில் குற்றாலிங்கம் அண்ணாச்சியின் அப்பளக் கம்பெனி இருக்கிறது. அப்பளத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. பொரித்தால் தட்டையே மறைக்கும். ஆபீசில் இருக்கும் மூன்று பேரைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல வழியில்லை. மேனேஜர் பிரம்மநாயகம், கணக்கெழுதும் சங்கிலிபூதம், டைப் அடிக்கும் உலகம்மாள். மூவரும் சொன்ன சொல் தட்டாதவர்கள். வில்லங்கமே அதுதான்.

மொரீஷியஸ் கடைக்காரர் ஒருவர் பெரிய ஆர்டர் தருவதாக ஈமெயிலில் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் சம்மதம் வராவிட்டால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவாராம். இந்த ஆர்டர் கைநழுவினால் கம்பெனியைப் பூட்டிவிட்டு மச்சினன் கடையில் பொட்டலம் மடிக்கப் போக வேண்டியதுதான் என்று அண்ணாச்சி கலங்கிப்போயிருந்தார். மச்சினனைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கலக்கம் புரியும்.

இந்த நேரம் பார்த்து ஈமெயில் சாப்ட்வேர் மக்கர் பண்ணியது. தினமும் காலையில் திறந்தால், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி பெயர் என்ன, முகவரி என்ன, பாஸ்வேர்டு என்ன என்று முதலிலிருந்து கேட்டது.

"நேத்துதானே எல்லாத்தையும் சொன்னோம்?" சங்கிலிபூதத்துக்கு மனசு புண்பட்டுப் போயிற்று.

பாஸ்வேர்டு பிரம்மநாயகத்துக்கு மட்டும்தான் தெரியும். அவரோ சொல்ல மாட்டேன் என்றார்.

"யாரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு கம்ப்யூட்டர் கடையில சொல்லியிருக்காவ. இப்ப இது கேக்குது. எப்படிவே சொல்லது?"

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். கடைசியில் மற்ற இருவரும் வெளியே போய் நிற்க, தானும் பார்த்துவிடக்கூடாதென்று பிரம்மநாயகம் கண்ணை இறுக மூடிக்கொண்டு அடித்தார். அது சரியாக விழுவதற்குள் சாயந்தரமாகி, வீட்டுக்குக் கிளம்பும் நேரம் வந்துவிடும். மறுநாள் காலை மறுபடியும் பெயர் என்ன, முகவரி என்ன.

வியாழக்கிழமை கம்ப்யூட்டர் கடை ரீகனுக்குப் போன் போட்டார்கள். "எல்லாத்தையும் மூடிட்டுத் திரும்பத் திறங்க, சரியாயிரும்" என்றார் அவர்.

சாப்ட்வேரை மூடினார்கள். ஷட்டரை மூடினார்கள். அப்பள டின்களையும் தண்ணித் தொட்டியையும் மூடினார்கள். வெயிலில் காய்ந்துகொண்டிருந்த அப்பளத்தைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அண்ணாச்சி தன் கண்ணையும் மூடிக்கொண்டு, "திறக்கலாமாவே?" என்று கேட்டபடி இருந்தார். அப்பளமெல்லாம் புழுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குப் பாஸ்வேர்டு சரியாக விழுந்தது. உலகம்மாள் சம்மதக் கடிதத்தை அடித்து முடித்தாள். 'அனுப்பட்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. என்டரை ஒரு தட்டுத் தட்டினால் போதும். அதற்குள் அவளுக்கு ஒரு கவலை வந்துவிட்டது. ரீகனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நாளைக்கும் இது மறந்துருமா?"

"சாயந்தரம் வீட்டுக்குப் போகும்போது அதை என்னக்கா செய்வீங்க?"

"வழக்கம்போலத்தான். ரீசெட் போட்டு, உள்ள இருக்கதையெல்லாம் அழிச்சு, தெர்மாகோல்ல சொருகி, டப்பாவுல வச்சு டேப் ஒட்டிருவோம்."

ரீகன் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"எதுக்குக்கா?"

"வாங்கும்போது எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சிருந்தாத்தான் வாரண்டின்னு நீங்கதான தம்பி சொன்னிய?"

"ஐயோ அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன். இனிமே யாரும் அதைத் தொடாதீங்க!" ரீகன் போனை வைத்தார். வைத்த கையோடு அணைத்தும் விட்டார்.

உலகம்மாள் என்டர் பக்கம் போன விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தட்டு, உலகம்மா" என்றார் அண்ணாச்சி, அழாத குறையாக.

"தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாவளே அண்ணாச்சி."

"கம்பால குத்தினா?" என்றார் சங்கிலிபூதம்.

"கம்பைப் பிடிக்கது யாரு? நீருதான? அப்ப நீரு தொட்டதாத்தான் கணக்கு" என்றார் பிரம்மநாயகம்.

"ஊதினா?"

ஊதுவது தொடுவதாகாது என்று ஏகமனதாக முடிவாயிற்று. நால்வரும் கன்னம் புடைக்க ஊதினார்கள். தூசி கிளம்பி உலகம்மாளுக்குத் தும்மல் வந்தது. என்டர் அசையவில்லை. மணி ஐந்தாகப் போகிறது.

"காத்து பத்தல" என்றார் பிரம்மநாயகம்.

அப்பளம் உலர்த்தும் ராட்சச மின்விசிறியை உருட்டி வந்து முழு வேகத்தில் விட்டார்கள். பில்லெல்லாம் பறந்தது. அண்ணாச்சியின் துண்டு பறந்தது. கீபோர்டு மேசையை விட்டுக் கிளம்பிக் குப்புற விழுந்து நொறுங்கியது. விழுந்த வேகத்தில் என்டர் அழுந்தி, மெயில் போய்விட்டது.

சற்று நேரத்தில் மொரீஷியஸிலிருந்து பதில் வந்தது. ஆர்டர் இவர்களுக்கே. அண்ணாச்சி பிரம்மநாயகத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். இனி மச்சினன் முகத்தில் விழிக்க வேண்டாம் என்கிற சந்தோஷம்.

அடுத்த வாரம் அண்ணாச்சியே ரீகனுக்குப் போன் போட்டார்.

"தம்பி, நீங்க சொன்னதுலேர்ந்து ஒருத்தரும் தொடுததில்ல. இப்ப அது ஒண்ணையும் மறக்கதில்ல. ஃபேன் காத்துல கீபோர்டு விழும்போது அதுவா என்னமோ எழுதி அதுவா அனுப்பிருது. என்ன, ஒரு மெயிலுக்கு ஒரு கீபோர்டு ஆவுது. மொத்தமா ஒரு லோடு எடுத்தா விலையைப் பாத்துப் போட்டுத் தருவியளா?"