கல்லுக்குத் தைத்த செருப்பு

மஞ்சாடி நாட்டை முன்னொரு காலத்தில் செண்டுவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று சொல்வது மரபு. உண்மையில் காலையில் ஒரு கட்டளை போடுவான், மாலையில் அதை மறந்துவிடுவான். இடைப்பட்ட நேரத்தில் நாடு தன்னைத்தானே ஆண்டுகொள்ளும்.

பட்டமேறிய பன்னிரண்டாம் ஆண்டில் அந்நாட்டு ராஜா ஆனைத்தலை மலை உச்சிக்கு நடந்தே போய் விளக்கேற்ற வேண்டும். பல்லக்கு கூடாது. அதற்காகக் கணுக்கால்வரை இழுத்துக் கட்டும் மலைச்செருப்பு தைக்கச் சொன்னார்கள். முதல் ஜோடி ராஜாவின் சுண்டுவிரலைக் கடித்தது. தைத்தவர் சிறைக்குப் போனார். இரண்டாம் ஜோடி குதிகால் தோலை உரித்தது. அதைத் தைத்தவரும் போனார். மூன்றாவதாக மாசாணனை அழைத்து வந்தார்கள்.

மாசாணன் மலையடிவாரத்தில் தேன் எடுப்பவர்களுக்குச் செருப்புத் தைப்பவன். அவைக்குள் நுழைந்ததும் எல்லோரும் ராஜாவின் கிரீடத்தைப் பார்த்து வணங்குவார்கள்; அவனோ ராஜாவின் காலைப் பார்த்து வணங்கினான். முன்பக்கம் விசிறிபோல் விரிந்த அகலக்கால். அதைப் பார்த்ததுமே அவனுக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது.

“மகாராஜா, அளவெடுக்கணும். காலைக் கொஞ்சம் இப்படி...”

“நில்!” என்று பாய்ந்தார் ஆராவமுதர். ராஜாவின் உடை, அணி, பாதரட்சை அனைத்துக்கும் அதிகாரி. ராஜாவுக்கும் தமக்கும் நடுவே வேறெவனும் வந்து நிற்பது அவருக்குப் பிடிக்காது. “உயிரோடிருக்கும் ராஜாவை அளப்பதா? இந்த நாட்டில் ராஜாவை அளப்பது பாடை கட்டும்போது மட்டும்தான். மூடா!”

“தெரியாதுங்க சாமி. அப்போ முன்னாடி தைச்சவங்க எதை அளந்தாங்க?”

ஆராவமுதர் மண்டபத்து மூலையைக் காட்டினார். அங்கே வம்சத்தின் முதல் ராஜா கற்சிலையாக நின்றுகொண்டிருந்தார். பாதம் ஒடுக்கம், நீளம், ஐந்து விரலும் அளவெடுத்து அடுக்கியதுபோல் ஒரே சீர். சிற்ப நூலில் சொன்னபடி செதுக்கியது. சிற்ப நூலில் சொன்னபடி யாரும் பிறப்பதில்லை என்பது சிற்பியின் கவலையல்ல.

“முன்னோர் பாதமே மன்னர் பாதம்” என்றார் ஆராவமுதர். “கல்லுக்குப் பொருந்தினால் மன்னருக்கும் பொருந்தும். கடித்தால் அது தைத்தவன் குற்றம்.”

“சரியாகச் சொன்னீர்” என்றான் ராஜா, வலித்த சுண்டுவிரலைத் தடவியபடி. “இருபது நாளில் விழா. இதுவும் கடித்தால், மாசாணா, நீயும் அந்த இருவரோடு போய் உட்கார்.”

கல்லை அளந்தால் சிறை. ராஜாவை அளந்தால் என்னவென்று கேட்கவே வேண்டாம். மாசாணன் தலையைச் சொறிந்தான்.

“உத்தரவுங்க. கல்லுக்கே தைக்கிறேன். ஆனா புதுத்தோல் விறைப்பா இருக்கும். யாராவது போட்டு நடந்து பழக்கணும். மகாராஜா போடப்போற செருப்பைக் கண்டவன் காலில் மாட்டலாமா? முன்னோர் பாதத்தோட மகிமை தெரிஞ்ச கால் வேணும்.”

அவை முழுவதும் ஆராவமுதரைத் திரும்பிப் பார்த்தது. அதில் சிலருக்கு உதட்டோரம் சிரிப்பு.

“பெரும் பாக்கியம்!” என்றார் ஆராவமுதர். வேறென்ன சொல்ல முடியும்?

நான்காம் நாள் செருப்பு தயார். அரண்மனைக்குப் பின்னாலுள்ள குன்றடியில் ராஜா குடைநிழலில் உட்கார்ந்தான். ஆராவமுதர் ஏறும்போது வேதனையை மறைத்துவிட்டார். இறங்கும்போதுதான் செருப்பு தன் குணத்தைக் காட்டியது. கால் முன்னே சறுக்கச் சறுக்க, விரல்களெல்லாம் ஒடுங்கிய முனையில் போய் முட்டின. மனிதர் நண்டுபோலப் பக்கவாட்டில் இறங்கினார். அகப்பட்ட புதரையெல்லாம் பிடித்துக்கொண்டார்.

“எப்படி இருக்கிறது?” என்று கேட்டான் ராஜா.

“பூமேல்... நடப்பதுபோல, பிரபு!”

“ஐயா முகத்திலேயே தெரியுது” என்றான் மாசாணன். “பூவுன்னா இன்னும் கொஞ்சம் மலரணும். விழா வரைக்கும் தினம் ரெண்டு தடவை ஏறி இறங்கினா போதும்.”

“அப்படியே ஆகட்டும்” என்றான் ராஜா.

ஆராவமுதர் அங்கேயே ஒரு பாறையில் பொத்தென்று உட்கார்ந்தார். “வேண்டாம் பிரபு! கழற்றச் சொல்லுங்கள்! அடியேன் கால் அகலம். என் கால் அளவே வேறு!”

ராஜா குனிந்து தன் காலைப் பார்த்தான். பன்னிரண்டு ஆண்டில் முதல் தடவையாகப் பார்த்தான் என்றே தோன்றியது.

“உமக்கென்று ஓர் அளவு உண்டு. எனக்கு மட்டும் கிடையாதா?”

ஆராவமுதர் குனிந்து செருப்பின் வாரை அவிழ்க்கத் தொடங்கினார். ராஜா மாசாணன் பக்கம் திரும்பினான்.

“ஆனால் மாசாணா, அளந்தால் பாடை என்கிறார்களே?”

“மகாராஜாவை யாருங்க அளக்கப்போறா? ஓடைக்கரையில் ஈரமண் கிடக்கு. நீங்க பாட்டுக்கு நடந்து போங்க. நான் மண்ணை அளந்துக்கறேன். சாயங்காலமா நடக்கணும், அவ்வளவுதான்.”

“ஏன், நல்ல நேரமா?”

“வீக்கம்ங்க. நாளெல்லாம் நின்ன கால் சாயங்காலம் சற்றே பருத்திருக்கும். மலையிலும் அப்படித்தான் பருக்கும். காலையில் அளந்தா மத்தியானமே கடிக்கும்.”

அன்று மாலை ராஜா ஓடைக்கரையில் நடந்தான். மாசாணன் மண்ணை அளந்தான். விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு, குதிகால் மட்டும் அசையாதபடி இறுக்கித் தைத்தான். ராஜா பத்து நாள் அதை அரண்மனைக்குள்ளேயே போட்டு நடந்து பழகினான். தோல் கிறீச்சிட்டபோதெல்லாம் ஜோதிடர்கள் நிமித்தம் குறித்துக்கொண்டார்கள்.

விழாவன்று ராஜா ஆனைத்தலை மலை ஏறினான், விளக்கேற்றினான், பத்து நகமும் பத்திரமாக இறங்கினான்.

“என்ன வேண்டும், கேள்” என்றான் மாசாணனிடம்.

“உள்ளே இருக்கிற ரெண்டு பேரையும் விடுங்க மகாராஜா. அவங்க கல்லுக்குச் சரியாத்தான் தைச்சாங்க.”

இருவரும் அன்றே வெளியே வந்தார்கள். மூவரும் இனி அரண்மனைச் செருப்புக்காரர்கள் என்று ராஜா அறிவித்தான். பிறகு ஆராவமுதர் பக்கம் திரும்பினான்.

“உம் பதவியில் கைவைக்க மாட்டேன். என்னைப் புகழத் தோன்றும்போதெல்லாம் அந்தக் கல்லளவுச் செருப்பை மாட்டிக்கொண்டு, எழுந்து நின்று புகழும்.”

அதுவரை அவருடைய புகழுரை ஒரு நாழிகைக்குக் குறைந்ததில்லை. மறுநாள் “வாழ்க” என்ற ஒரே சொல்லோடு உட்கார்ந்துவிட்டார். சுருங்கச் சொல்லும் அழகு என்று புலவர்கள் அதை வியந்தார்கள். அவருடைய காலை மட்டும் யாரும் பார்க்கவில்லை.