விரல் வைத்த இடம்

சகாயமேரியிடம் சீடராகச் சேர்ந்தபோது பொன்னுலிங்கத்துக்கு வயது ஐம்பத்தைந்து. குருவுக்கு நாற்பத்திரண்டு.

பொன்னுலிங்கம் முப்பது வருஷம் ஆயுதப்படையில் கவாத்துப் பயிற்சி கொடுத்தவர். கடைசி இரண்டு வருஷமாக, காலை உயர்த்தி வைக்கும்போதெல்லாம் வலது இடுப்பில் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. முன்வரிசையில் நிற்பவர்களுக்கே அது கேட்கும். பிறகு வலியும் சேர்ந்துகொண்டது. தைலம் தடவினார், மாத்திரை விழுங்கினார். ஒன்றும் சரிப்படவில்லை. ஓய்வுபெற்ற கையோடு நாகர்கோவிலில் பிசியோதெரபி பார்க்கும் சகாயமேரியிடம் வந்தார்.

மூன்று மாதத்தில் வலி போயிற்று. அவர் போகவில்லை.

"எனக்கும் இதைச் சொல்லிக் குடுங்க டீச்சர்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"முப்பது வருஷமா எத்தனையோ பேரை இடுப்பு ஒடிய ஓட விட்டிருக்கேன். கொஞ்சப் பேரையாவது நேராக்கணும்."

சகாயமேரி சிரிக்கவில்லை. "நாளைக்கு எட்டு மணிக்கு வாங்க" என்றார்.

அவர் ஏழரைக்கே வந்து நின்றார். அப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

மூன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் தங்கையின் பிரசவத்துக்காக சகாயமேரி கொல்லத்துக்குப் போக வேண்டி வந்தது. "ஏற்கெனவே வர்றவங்களுக்கு நான் எழுதி வச்சதைச் செய்ய வைங்க. புதுசா யாராவது வந்தா நான் வந்து பாக்கேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் முத்தரசி வந்தாள். தோவாளைப் பக்கத்துப் பெண். காவலர் தேர்வில் எழுத்துத் தாளில் தேறியிருந்தாள். உடற்தகுதித் தேர்வுக்கு இன்னும் ஒன்பது வாரம் இருந்தது. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும்.

"ஓடுனா இடுப்புல ஒரு சத்தம் வருது ஐயா" என்றாள். காலை ஒருமுறை மடக்கி நீட்டிக் காட்டினாள்.

டக்.

பொன்னுலிங்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது. அதே சத்தம். இரண்டு வருஷம் அவரோடு கவாத்துக்கு வந்த சத்தம். குரு திரும்பி வர இன்னும் பல நாள். இந்தப் பெண்ணுக்கோ ஒவ்வொரு நாளும் முக்கியம். தெரிந்த வைத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு எப்படித் திருப்பி அனுப்புவது?

பாயை விரித்தார். தனக்குச் செய்ததை ஒன்று விடாமல் அவளுக்குச் செய்ய வைத்தார். ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்கச் சொன்னார். இடுப்பின் பக்கவாட்டை உருளையின் மேல் வைத்து உருட்டச் சொன்னார். அந்தப் பக்கத்து நாரை இழுத்து நீட்டும் பயிற்சிகளைத் தந்தார்.

"ஓட்டத்தை நிறுத்தணுமா ஐயா?"

"வேண்டாம். வலிச்சாலும் விடாதே. எனக்கும் முதல்ல வலிச்சது. பொறகுதான் சரியாச்சு."

"சரி ஐயா."

அவள் சொன்னபடி கேட்கிற பெண். காலையில் ஓடினாள், மாலையில் வந்து பயிற்சி செய்தாள். ஐந்தாம் நாள் முகம் சுளித்தாள். எட்டாம் நாள் லேசாக நொண்டினாள். 'இன்னும் ரெண்டு நாளில் மாறும்' என்று பொன்னுலிங்கம் தனக்கே சொல்லிக்கொண்டார். பத்தாம் நாள் அவள் ஆட்டோவில் வந்தாள். இறங்கும்போது தொடையை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தாள்.

அன்று அவர் பாயை விரிக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

சகாயமேரி திரும்பி வந்ததும் பொன்னுலிங்கம் எதையும் மறைக்கவில்லை. மேலதிகாரியிடம் அறிக்கை சொல்வதுபோல நாள்வாரியாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, இத்தனை நாளும் தன்னைக் குடைந்ததைக் கேட்டார்.

"நீங்க எனக்குச் செஞ்சதைத்தான் டீச்சர் நான் அவளுக்குச் செஞ்சேன். ஒரு பிசகு இல்ல. எனக்குக் குணமாச்சு. அவளுக்கு ஏன் ஆகல?"

"நாளைக்கு அவள வரச் சொல்லுங்க" என்றார் சகாயமேரி. "நீங்க சுவரோரமா நில்லுங்க. பேச வேண்டாம்."

மறுநாள் முத்தரசி வந்தாள். சகாயமேரி அவளைப் படுக்கவைக்கவில்லை. வராந்தாவில் மெல்ல நடக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதிரே உட்கார வைத்தார்.

"எப்பலேருந்து சத்தம் வருது?"

"சித்திரையிலேருந்து டீச்சர்."

"அதுக்கு முன்னாடி புதுசா ஏதாவது செஞ்சியா?"

"முழங்காலை நெஞ்சு வரைக்கும் தூக்கி ஓடுற பயிற்சி. தினமும் இருநூறு தடவை. மைதானத்துல ஒருத்தர் சொல்லிக் குடுத்தாரு."

"வெறும் சத்தமா, வலியோட சத்தமா?"

"முதல்ல வெறும் சத்தந்தான். ஆனியிலேருந்து வலி."

"எங்க வலிக்குதுன்னு ஒரு விரலால தொட்டுக் காட்டு."

முத்தரசி விரலை வைத்தாள். பக்கவாட்டில் இல்லை. முன்பக்கம், தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில்.

"இவர்கிட்ட வந்த முதல் நாளும் இங்கதானா?"

"இங்கதான் டீச்சர்."

"சொல்லலியா?"

முத்தரசி சுவரோரம் நின்றவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஐயா கேக்கல. நேரா பக்கவாட்டுக்குப் பயிற்சி குடுத்தாரு. அவருக்குத் தெரியும்னு நினைச்சேன்."

பொன்னுலிங்கம் கைகள் இரண்டையும் விலாவோடு ஒட்டி விறைப்பாக நின்றிருந்தார். அது முப்பது வருஷப் பழக்கம். அன்றைக்கு அதுதான் அவரைத் தாங்கிப் பிடித்தது.

சகாயமேரி பெண்ணிடம் விளக்கினார். இடுப்பில் சத்தம் பல இடத்திலிருந்து வரும். பக்கவாட்டில் ஒரு பட்டையான நார், தொடையெலும்பின் புடைப்பின் மேல் ஏறி இறங்கினாலும் டக் என்று கேட்கும். முன்பக்கம் தொடையைத் தூக்குகிற தசையின் நாண் எலும்பின் மேல் வழுக்கினாலும் டக் என்று கேட்கும். மூட்டுக்கு உள்ளே குருத்தெலும்பு கிழிந்திருந்தாலும் சத்தம் வரலாம். "உனக்கு முன்பக்கத்து நாணாத்தான் இருக்கும்னு தோணுது. கிழிசல் இருக்கான்னு ஸ்கேன்ல பாத்துட்டு ஆரம்பிப்போம்."

ஸ்கேன் எடுக்கக் கூடப் போனவர் பொன்னுலிங்கம். அங்கே வரிசை நீளமாக இருந்தது.

"தப்பு என்னோடதும்மா" என்றார் அவர்.

"நான் ஓடணும் ஐயா" என்றாள் முத்தரசி. "அத மட்டும் பாருங்க."

கிழிசல் இல்லை. மூன்று வாரம் ஓட்டம் கூடாது, முழங்காலைத் தூக்கும் பயிற்சி கூடாது என்றார் சகாயமேரி. வலி தணிந்ததும், இறுகிக் கிடந்த முன்பக்கத் தசையை மெல்ல நீட்ட வைத்தார். பின்பக்கத்துக்கும் வயிற்றுக்கும் வலுச் சேர்த்தார். நான்காம் வாரம் நடை, ஐந்தாம் வாரம் மெல்லோட்டம். ஒவ்வொரு நாளும் பாயில் அவள் உட்கார்ந்ததும், "இன்னைக்கு எங்க இருக்கு, எவ்வளவு இருக்கு?" என்று பொன்னுலிங்கம் கேட்டார். அவள் சொல்லி முடிக்கும்வரை வேறெதுவும் செய்யவில்லை.

தேர்வில் ஓட்டத்தில் அவளுக்கு இரண்டு விநாடி மிச்சம் இருந்தது. நீளம் தாண்டுவதில் முதல் இரண்டு முறையும் கோட்டை மிதித்துவிட்டாள். மூன்றாவதில் தாண்டினாள். ஐப்பசியில் வந்த பட்டியலில் அவள் பெயர் இருந்தது. இனிப்போடு வந்தாள்.

"சத்தம்?" என்று கேட்டார் சகாயமேரி.

"எப்பவாவது வருது டீச்சர். வலி இல்ல."

"வலி இல்லாட்டி அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அவள் போனபின் பொன்னுலிங்கம் பாய்களைச் சுருட்டினார். பாதியில் நிறுத்தினார்.

"டீச்சர், நான் முதமுதல்ல உங்ககிட்ட வந்த அன்னைக்கு அரைமணி நேரம் வெறும் கேள்வியாவே கேட்டீங்க. எனக்கு எரிச்சல்கூட வந்தது. பதினஞ்சு வருஷம் இடுப்பு பாத்த கை உங்களுக்கு. சத்தத்தக் கேட்டதுமே இது பக்கவாட்டு நாருன்னு தெரிஞ்சிருக்கும். பொறகு எதுக்கு அவ்வளவு கேட்டீங்க?"

சகாயமேரி சுருட்டிய பாயை அவர் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்தார்.

"தெரியல அண்ணாச்சி. அதான் கேட்டேன்."