முரசில் பரிமாறிய விருந்து

வெண்கலக்கோட்டையில் நடக்காத வேலை என்று ஒன்றே கிடையாது. எல்லாம் முரசிலேயே நடந்து முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமைதோறும் நகர சபைச் சேதி வரும். முரசறையும் இருளப்பன் தெருத் தெருவாகப் போய் ஒவ்வொரு சேதியையும் மூன்று தடவை கூவ வேண்டும். "சபை ஊழியர் எல்லாருக்கும் புது வேட்டி வழங்கியாச்சு!" என்பான். அவன் இடுப்பில் பழைய வேட்டியின் கிழிசல் காற்றில் ஆடும். "மேலத்தெரு ரோடு பளிங்கு மாதிரி ஆயாச்சு!" என்பான். சொல்லிக்கொண்டே குழியில் விழுந்து எழுவான்.

சேதியை எழுதிக் கொடுப்பவர் சபைத் தலைவர் வைரவநாதர். அதைக் கேட்டுப் பூரிப்பவர் மன்னர் கொற்றவராயர். "இந்த வாரம் மட்டும் பதினோரு நல்ல காரியம்!" என்று உப்பரிகையில் உட்கார்ந்து விரல் மடக்குவார். வதந்தி பரவாமல் இருக்க ஒரு சட்டமும் போட்டிருந்தார். மூன்று முறை முரசறைந்த சேதியை இல்லை என்று சொன்னால், அன்றைக்குச் சூரியன் சாய்வதற்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும். அந்தச் சட்டம் வந்த நாளிலிருந்து வைரவநாதர் மண்வெட்டிக்கு வேலையே வைக்கவில்லை. எழுத்தாணி இருக்க மண்வெட்டி எதற்கு?

ஒரு வெள்ளிக்கிழமை இருளப்பன் கூவினான்: "கீழத்தெருக் கிணறு தூர்வாரியாச்சு! தித்திக்கிற தண்ணி பொங்குது!"

இடுப்பில் கைப்பிள்ளையும் கையில் காலிக் குடமுமாக வந்த காத்தாயி நின்றுவிட்டாள்.

"எங்கேய்யா பொங்குது? வாளியை விட்டா டங்குன்னு பாறையில முட்டுது. பிள்ளைக்குக் கஞ்சி வைக்கவே அரைக் காதம் நடக்கிறேன். உன் முரசைக் கவுத்துப் போடு, மழைத் தண்ணியாவது பிடிச்சுக்கறேன்!"

தெருவே சிரித்தது. சபைச் சேவகர்கள் சிரிக்கவில்லை. உச்சிப் பொழுதுக்கு முன்பே அவளை அரசவையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

மன்னருக்கு அருகில் உட்கார்ந்து வாயடிப்பதே தாண்டவனுக்கு உத்தியோகம். அன்றைக்கு அவன் காத்தாயியையே பார்த்துக்கொண்டிருந்தான். காத்தாயியின் பிள்ளை வறண்ட உதட்டைச் சப்பிச் சப்பி அழுதது. இந்தப் பிள்ளையோடு இவள் எங்கே போவாள்? 'கிணற்றைப் போய்ப் பாருங்கள்' என்று சொல்லலாம் என்றால், அதுவே சேதியைச் சந்தேகப்பட்ட குற்றம். அவனும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"சட்டம் சட்டம்தான்," என்றார் மன்னர். "வைரவநாதரே, நீர் மனம் நோக வேண்டாம்."

தாண்டவன் எழுந்தான். "மனம் நொந்தவரை வெறும் வயிற்றோடு விடலாமா அரசே? முதலில் தலைவருக்கு ஒரு விருந்து. நானே பரிமாறுகிறேன். தண்டனையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்."

விருந்து என்றதும் வைரவநாதர் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். தலைவாழை இலை வந்தது. தண்ணீர் தெளித்தார்கள். பின்னாலேயே வந்தது சோறு அல்ல, முரசோடு இருளப்பன்.

டம டம டம! "தலைவருக்குச் சீரகச் சம்பாச் சோறு பரிமாறியாச்சு! நெய் ஊத்தியாச்சு!"

மூன்று தடவை கூவினான்.

வைரவநாதர் இலையைப் பார்த்தார். தாண்டவனைப் பார்த்தார். "என்னப்பா இது? இலையில..."

"இலையில? சொல்லுங்க. இலையில என்ன இல்லை?" என்று தாண்டவன் ரொம்ப அக்கறையாகக் குனிந்தான்.

தலைவர் சுதாரித்துக்கொண்டார். ஆள் லேசுப்பட்டவரா? "இலை நல்ல பச்சையா இருக்குன்னு சொல்ல வந்தேன்," என்றார். வெறும் கையைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனார். "ஆகா, நெய் மணக்குது!"

மன்னருக்குப் பொறுக்கவில்லை. "தாண்டவா, சோறு எங்கே..."

"மூன்று தடவை அறைந்தாச்சு அரசே. சட்டம் போட்டவருக்கும் சேர்த்துத்தான் சட்டம்."

மன்னர் அவசரமாகத் தலையாட்டினார்.

அவியல் வந்தது, முரசில். வடை வந்தது. பாயசம் வந்தது. சோற்றை ஒளித்துவிட்டு வாயைத் துடைத்துக் காட்டும் பிள்ளை மாதிரி, வைரவநாதர் எல்லாவற்றையும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டு ஏப்பமும் விட்டார். தாண்டவன் வெளியே வெயிலைப் பார்த்தான். மனுஷன் மசியமாட்டேன் என்கிறாரே! பொழுதும் சாய ஆரம்பித்துவிட்டது. காத்தாயி பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

சட்டென்று திரும்பினான் தாண்டவன். "இருளப்பா, தலைவருக்கு விருந்து ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இனி ஆயுசு முழுக்க மூணு வேளையும் அவருக்கு அரண்மனைச் சாப்பாடு, இதே பரிமாறல். வேறே எங்கேயும் அவர் கை நனைக்க மாட்டார். அடி முரசை!"

ஒரு தடவை அடித்தான். இரண்டாம் தடவை அடித்தான். மூன்றாவதுக்குக் கோலை ஓங்கினான்.

"நிறுத்துடா!" இலையைத் தூக்கிக்கொண்டு மன்னர் காலடிக்கே ஓடினார் வைரவநாதர். "அரசே, இதுல ஒரு பருக்கைகூட இல்லை!"

"நானும் அதைத்தானேய்யா சொன்னேன்," என்றாள் காத்தாயி. "கிணத்துல ஒரு சொட்டுகூட இல்லைன்னு."

மன்னர் கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. "தாண்டவா, அப்படியென்றால் வெள்ளிக்கிழமைதோறும் நான் சாப்பிட்டதும்..."

"இதே விருந்துதான் அரசே. நீங்கள் மறுசோறு வேறு கேட்டு வாங்கினீர்கள்."

சட்டம் அங்கேயே கிழிந்தது. அன்று மாலையே வைரவநாதர் மண்வெட்டியோடு கீழத்தெருக் கிணற்றில் இறக்கப்பட்டார். தண்ணீர் ஊறி, காத்தாயி ஒரு குடம் மொண்டு குடித்துப் பார்த்து, "சரி" என்று சொன்ன பிறகுதான் சேதி போகலாம் என்று உத்தரவாயிற்று.

"தாண்டவா, உனக்குக் கன்றோடு ஒரு கறவைப் பசு!" என்றார் மன்னர். "இருளப்பா, முரசடி!"

தாண்டவன் பாய்ந்துபோய்க் கோலைப் பிடித்துக்கொண்டான்.

"முதல்ல பசு என் வீட்டு வாசல்ல வந்து சாணி போடட்டும் அரசே. அப்புறம் அடிச்சுக்கலாம்."